குளியல்தொட்டியில் கிடந்த பலகை

சுபாஸ்கரன் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்தவர். மண் வெட்டும் இயந்திரம் ஓட்டப் பழகியது அங்கேதான். அகதி வழக்கு முடிந்து, ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் கிடைத்த பிறகு, மனைவி சிவனேஸ்வரியோடு லண்டனுக்கு வந்து இல்ஃபோர்டில் குடியேறினார். அந்த இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால் அவருக்கு எந்தப் பயமும் இல்லை. வாசலில் அரசாங்கக் கடிதம் ஏதாவது விழுந்தால் மட்டும் பிரிக்கப் பயப்படுவார். வழக்கு நடந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பயம் அது. பாஸ்போர்ட் வந்தும் போகவில்லை.

2009 ஒக்டோபரில் அவருடைய முதலாளி கிறிஸ்துராஜாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. வால்தம்ஸ்டோவுக்கு அப்பால், லண்டன் முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் மைதானத்துக்குக் குறுக்கே மழைநீர்க் குழாய் புதைக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் மரங்கள் மூடிய உயரமான மண்மேடு ஒன்று நின்றது. 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நோர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்த கையோடு குவித்த கோட்டைமேடு என்று பள்ளிக்கூடக் கேற்றடியில் அறிவிப்புப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். அப்போது உச்சியில் மரக்கோபுரம், அடியில் வேலியும் அகழியும் சூழ்ந்த முற்றம். கோபுரமும் வேலியும் எப்போதோ போய்விட்டன. அகழியும் தூர்ந்து புல் மூடிக் கிடந்தது. அது எந்த வழியாக ஓடியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் மேட்டையடுத்த நாற்பது மீற்றரை, தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் வெட்டலாம் என்று உள்ளூர்க் கவுன்சில் எழுத்தில் கொடுத்திருந்தது. அதற்காக ஹெலன் என்ற பெண்மணி திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிறிஸ்துராஜாவின் முகம் சரியில்லை. அந்த வருடம் கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. இதுவும் இழுபட்டால் ஆட்களை நிறுத்த வேண்டியதுதான்.

"அண்ணை, அந்தப் பக்கத்திலை மேல்மண்ணை மட்டும் எடுத்து வையுங்கோ. திங்கள் அவ வந்து பாக்கட்டும்" என்றார் சுபாஸ்கரனிடம்.

"அவ இல்லாமல் தொடக்கூடாது எண்டல்லோ கடிதத்திலை கிடக்கு?"

"ஒரு அடி மண்ணை ஆர் வந்து அளக்கப்போறான்?"

சுபாஸ்கரன் தொடங்கினார். மண் இலேசாக வந்தது. கிறிஸ்துராஜா, "இன்னும் கொஞ்சம்" என்றார். பிறகும், "இன்னும் கொஞ்சம்" என்றார். ஒன்றரை மீற்றர் இறங்கியதும் மஞ்சள் களிமண் முடிந்து கன்னங்கரேலென்ற சேறு வந்தது. அழுகிய முட்டை மணம் அடித்தது. அடுத்த தரம் இயந்திரத்தின் பக்கெட்டை இழுத்தபோது ஏதோ மாட்டி, மளுக்கென்று முறிந்தது.

இறங்கிப் பார்த்தார். முழங்கை நீளத்தில் உடைந்த ஓக் பலகைத் துண்டு. அதில் ஒரு துளை. துளைக்குள் மர ஆணி அப்படியே இருந்தது. வாய்ச்சியால் செதுக்கிய தடங்கள் நேற்றுச் செதுக்கியவை போலிருந்தன. மீதிப் பலகை மண்ணுக்குள் நின்றது.

கிறிஸ்துராஜா ஓடி வந்தார். "மூடுங்கோ அண்ணை. உது வெளியிலை தெரிஞ்சால் எல்லாம் நிண்டிடும். என்னை மட்டும் விசாரிக்கமாட்டாங்கள். மெசினிலை இருந்தது நீங்கள்."

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் இறங்கியது. சுபாஸ்கரன் மண்ணைத் தள்ளி மூடினார். பலகையைத் திரும்பப் போடவோ வெளியே விட்டுவிட்டு வரவோ மனம் வரவில்லை. பொலித்தீனில் சுற்றித் தன் வான் வண்டியில் ஏற்றினார். ஒளிக்கிறாரா காப்பாற்றுகிறாரா என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திராது.

சனிக்கிழமை காலை வீட்டின் பின்வளவில் பொலித்தீனைப் பிரித்துப் பார்த்தவர் திகைத்துப்போனார். கரும்பழுப்பாக இருந்த மரம் வெளிறி, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஒரு வெடிப்பில் நகம் புகுந்தது. இத்தனை நூற்றாண்டு சேற்றில் கிடந்து ஒன்றும் ஆகாத மரம், தன் வீட்டில் ஒரே நாளில் சாகிறது என்று பதறினார். வேறு வழி தோன்றவில்லை. குளியல்தொட்டியை நிரப்பி அதில் அமிழ்த்தினார்.

"என்னப்பா உது? குளிக்கிற இடத்திலை மரக்கட்டை?" என்றாள் சிவனேஸ்வரி.

அவளுக்கு ஏற்கெனவே கவலை போதுமானது இருந்தது. வைகாசியில் இலங்கையில் சண்டை முடிந்ததிலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பம் வவுனியா முகாமில் இருந்தது. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். சுபாஸ்கரன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொலிஸ் வருமோ?"

"தெரியாது."

"பாஸ்போர்ட்டைப் பறிப்பாங்களோ?"

"சீ, அதெல்லாம் இல்லை." இரவு முழுவதும் அதையேதான் அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லாமல் விட்டால்?"

"திங்கள் அவவுக்கு முன்னாலை அந்த இடத்தைப் புதிசா வெட்டுற மாதிரி வெட்டவேணும். ஒருக்காக் கிளறின மண் எண்டு அவ பாத்த உடனை கண்டுபிடிச்சிடுவா."

சிவனேஸ்வரி தண்ணீருக்குள் கிடந்த மர ஆணியைப் பார்த்தாள். "அப்ப நீங்களே முந்திச் சொல்லுங்கோ. அண்ணாவையளை நினைச்சுப் பயப்பிடுறதே எனக்குக் காணும். உங்களுக்கும் சேர்த்துப் பயப்பிட என்னாலை ஏலாது."

திங்கள் காலை ஏழு மணிக்கே அவர் மைதானத்தில் நின்றார். ஈரத் துவாய்கள் சுற்றிய பலகை, பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. ஹெலன் காரை விட்டு இறங்கியதும் மூடியைத் திறந்து காட்டினார். அவள் முகம் சிவந்தது.

"எப்போது எடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

"யார் வெட்டச் சொன்னது?"

"மெசினை ஓட்டியது நான்தான்."

அவள் நன்றாகத் திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு முழந்தாளிட்டுத் துவாயை விலக்கிய அவள் குரல் மாறியது.

"தண்ணீரில் போடச் சொன்னது யார்?"

"யாருமில்லை. வெடித்தது. பயந்துபோனேன்."

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பள்ளிக்கூட வேலியின் மூலையிலிருந்து மூன்றாவது கம்பம், அங்கிருந்து இரண்டு மீற்றர் உள்ளே, ஆழம் ஒரு மீற்றர் அறுபது, மேட்டைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தது என்று தயங்காமல் சொன்னார். இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் கையில் இருக்கும். அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள்.

"இந்தக் கோட்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை" என்றாள். "கட்டியவன் யார், எந்த வருடம், எத்தனை காலம் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. கேற்றடியில் இருப்பதும் ஊகம்தான். மேட்டைப் பார்த்து அதற்கு மேல் சொல்ல முடியாது. அகழியின் அடிச்சேற்றில் காற்றுப் புகாது. மரம், தோல், விதை எல்லாம் கெடாமல் கிடக்கும். மரத்தின் வளையங்களை, காலம் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டால் அதை வெட்டிய வருடமே தெரியும். ஆனால் பட்டையோரம், கடைசி வளையம் இருக்கிற விளிம்பு, இருக்க வேண்டும்."

"நான் உடைத்த பக்கத்திலோ அது இருந்தது?"

"இனித்தான் பார்க்க வேண்டும்" என்றாள் அவள்.

அன்றே வேலை நின்றது. கிறிஸ்துராஜா வந்து, எல்லோர் முன்னாலும், "உங்களை நம்பி மெசினைத் தந்தன், அண்ணை" என்று கத்திவிட்டுப் போனார். சுபாஸ்கரன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். இரண்டு வாரம் கழித்துக் கவுன்சில் கடிதம் வந்தது. அரை நாள் அது மேசையில் பிரிக்காமல் கிடந்தது. கடைசியில் சிவனேஸ்வரிதான் கிழித்தாள். நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தார். நிறுவனத்துக்கு எச்சரிக்கை போனது. அவர்மேல் எதுவும் வரவில்லை.

ஹெலனின் ஆட்கள் அந்த இடத்தைக் கையால் அகலமாகத் தோண்டினார்கள். ஆறு பலகைகளும் இரண்டு தூண்களும் ஒரு தோல் செருப்பின் அடியும் கிடைத்தன. அகழியைத் தாண்டிய பாலம் அது. ஒரு தூணில் பட்டை இருந்தது. மார்கழியில் முடிவு வந்தபோது ஹெலன் தொலைபேசியில் அழைத்தாள். மரம் வெட்டியது 1142-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். நோர்மன்காரர் வந்து எழுபத்தாறு வருடம் கழித்து, நாடு இரண்டுபட்டு உள்நாட்டுப் போர் நடந்த காலம். ஆட்பலம் உள்ளவனெல்லாம் பயத்தில் அவசரமாக மேடு குவித்த காலம். கேற்றடிப் பலகையை மாற்றி எழுத வேண்டும் என்றாள்.

"நான் உடைத்ததால் ஏதும் கெட்டதோ?" என்று கேட்டார்.

"ஆம்" என்றாள் ஹெலன். "பலகையை உத்தரத்தில் எப்படிப் பொருத்தினார்கள் என்று இனித் தெரியாது. அந்த மூட்டு போய்விட்டது. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அதன் மேலேயே குழாய் போயிருக்கும்."

சிவனேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள், "அவங்களும் சண்டைக்குப் பயந்துதான் கட்டினவையோ" என்றாள்.

குழாய் மைதானத்தின் மறுபக்கத்தால் போனது. மாசியில் ஹெலனின் நிறுவனம் வேறொரு அகழ்வுக்கு இயந்திரம் ஓட்ட அவரை நாலு நாள் கூப்பிட்டது. அதன்பிறகு இடைக்கிடை கூப்பிட்டார்கள். கிறிஸ்துராஜாவை ஒருமுறை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கண்டார். கிறிஸ்துராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார்.