கேத்தூராவுக்காகத் தெற்கே போனவன்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், மரமே இல்லாத புல்வெளியில், கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் மேட்டைக் குடைந்து வீடு அமைத்துக்கொண்ட ஊருக்கு நேபோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே கேத்தூரா தனியாக இருந்தாள். பிழைப்பு சலவை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

தெற்கிலிருந்து புதிதாக வண்டி வந்தால் போதும், சோப்பு நுரைக் கையோடு ஓடுவாள். "டெக்சாஸ் பக்கம் ரான்சம்னு ஒருத்தரைப் பாத்தீங்களா? உயரமா இருப்பாரு, இடது காதுல நுனி இருக்காது." வந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

ரான்சம் அவள் கணவன். அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளாத காலம். புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிழப் பிரசங்கி ஜெபம் பண்ணிச் சேர்த்துவைத்தார். ஒரு வருஷம்கூட முழுசாக வாழவில்லை. எஜமான் அவனை டெக்சாஸ்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். வண்டியில் ஏறியவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் குதித்துவிடுவோம் என்று பயந்திருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளுக்கு விடுதலை வந்து, இத்தனை தூரம் குடிவந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

ஊருக்குக் கிணறு வெட்டுகிறவன் அப்னேர். பெண்டாட்டியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவன். கேத்தூரா வீட்டுக் கிணற்று வேலை முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தான்.

"கயிறு நல்லா இருக்கான்னு பாக்க வந்தாராம்" என்றாள் பக்கத்து வீட்டு லவீனியா. "போன வாரமும் பாத்தாரு. அந்தக் கயித்துக்கே வெக்கமாப் போச்சுடி."

பனி உருகத் தொடங்கியபோது அவன் கேட்டேவிட்டான்.

"எனக்குப் புருஷன் இருக்காரு" என்றாள் கேத்தூரா.

"உயிரோட இருக்காரான்னு தெரியுமா?"

"தெரியாது. செத்துட்டாருன்னும் தெரியாதே. தேவன் முன்னாடி குடுத்த வாக்கை நான் எப்படி அவுத்துப் போடறது?"

அப்னேர் தொப்பியைக் கையில் சுழற்றினான். "அப்போ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். மறுவாரம் கோவேறு கழுதையில் ஏறிப் போயேவிட்டான்.

அவன் போன பிறகுதான் அவளுக்குக் குழப்பம். ரான்சமுக்காக ஜெபிக்க முழங்காலிட்டால், களிமண் காய்ந்த வேறொருவனின் கைகள் கண்ணுக்குள் வந்து நின்றன. பாதியில் எழுந்துவிடுவாள். ரான்சமின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. சோளம் முளைத்து, வளர்ந்து, கதிர் முற்றியது. வழியில் ஆள் அசைந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது, யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

அறுவடை சமயத்தில் அப்னேர் நடந்தே வந்தான். கழுதை வழியில் செத்துவிட்டதாம். சோள ரொட்டியும் தண்ணீரும் வைத்தாள். அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"இருக்காரு" என்றான். "பிரேசாஸ் ஆத்தங்கரைல பருத்தி போடறாரு. பெண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் இருக்கு. நீ போர்லயே செத்துட்டதா யாரோ சொல்லிட்டாங்களாம்."

"என்னைப் பத்திக் கேட்டாரா?" என்றாள்.

"இன்னும் பாடறாளான்னு கேட்டாரு. பாடறான்னேன். வேலிப் பக்கம் திரும்பி நின்னு அழுதாரு. மூத்த பொண்ணுக்கு உன் பேருதான் வச்சிருக்காரு."

"செத்துட்டாருன்னு நீ சொல்லியிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப்போகுது?"

"வர்ற வழியெல்லாம் அப்படிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அப்புறம் எந்த மொகத்தோட உன் பக்கத்துல முட்டி போட்டு ஜெபம் பண்றது?"

"போயிடு" என்றாள். போய்விட்டான்.

அதன் பிறகு அவள் சபையில் வாய் திறக்கவில்லை. பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. போதகர் வீட்டுக்கு வந்து, "சிஸ்டர், இனி நீ விடுதலையானவ" என்றார்.

"விடுதலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் ஐயா. அடிமைத்தனம் போன அன்னிக்கு ஆடினேன். இப்ப ஆடத் தோணல."

முதல் பனி விழுவதற்கு முன்பு ஒரு காலையில், அப்னேர் குழிக்குள் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அவளே நடந்து போனாள். விளிம்பில் நின்று குனிந்தாள்.

"மேல வா."

"இன்னும் தண்ணி வரல."

"தண்ணி எங்கயும் ஓடிடாது. நீ வா."

ஏணியில் ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அவரை நெனக்காம இருப்பேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றாள்.

"அதை நான் கேக்கவே இல்லையே, கேத்தூரா."

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். போதகர் வேதத்தைத் திறந்தபோது அவள் கையைத் தூக்கினாள். "முதல்ல டெக்சாஸ்ல இருக்கிற அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்க." ஜெபம் முடிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் அப்னேர்.

அவர்கள் முடி நரைக்கும் வரை ஒன்றாக வாழ்ந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனாலும் சில மாலைகளில் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுவிடும். அப்னேர் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவள் திரும்பிவரும் வரை நின்றிருப்பான்.