ஓரமில்லாத துணியும் இசக்கி அக்காவும்

இதை எங்கள் வீட்டார் யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இசக்கி அக்காவோடு ஆராய்ச்சி செய்த உங்கள் நால்வருக்கு மட்டும்தான் இது. அக்காவின் நோட்டை நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். நாளை குற்றாலத்தில் காரியம். அவளுடைய துணிகளோடு நோட்டையும் எரிக்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். "ராவும் பகலும் இதையே பாத்துதான் எம்புள்ள உடம்பைக் கெடுத்துக்கிட்டா." அக்கா போனது காய்ச்சலில். அதைப் பெரியம்மாவிடம் யார் சொல்வது?

காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆராய்ச்சிக்குத் திரும்ப ரயிலேறப் போகிறாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "இசக்கி போயிட்டாட்டி" என்றார். "செங்கோட்டை ரயில் சாயங்காலம்தானேப்பா?" என்று கேட்டேன். அப்பா என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டார்.

அக்கா என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் என் அம்மா, "ஓட்டை எண்ணுதா" என்பாள். அக்காவுக்குக் கோபமே வராது. உங்களுக்குத் தெரிந்ததுதான், அவள் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். தகவல் குவியலை முக்கோணங்கள் ஒட்டிய உருவமாக்கி, ஓட்டைகளின் எண்ணிக்கை மாறாமல் முக்கோணங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். "கடைசில மிஞ்சுததுதான் விஷயம்."

ஒருமுறை ஐந்தருவியில் சிப்ஸ் விற்பவரிடம், "அண்ணாச்சி, இது அஞ்சா, ஒண்ணா?" என்று கேட்டாள். "தண்ணி குறைஞ்சா அஞ்சு, கூடுனா ஒண்ணு. நீ சிப்ஸ் வாங்குதியா, அருவி வாங்குதியா?" என்றார் அவர். "நான் மூணு வருசமா படிக்கதை ஒரே வரில சொல்லிட்டாரு" என்று வழியெல்லாம் சிரித்தாள்.

போன விடுமுறையில் அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஒரு முக்கோணத் துணியின் மூன்று ஓரங்களையும் ஒரே தையலில் சேர்த்துவிட்டாள். துணி முழுக்கப் பேனாவால் சின்ன முக்கோணங்கள். ஓரத்தில் இருப்பதை மட்டுமே வெட்டி எடுக்கலாம், அதுதான் விதி.

"ஓட்டை இருக்கா?"

"இல்லை."

"அப்பப் பிரி பாப்போம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொடங்க ஓர் ஓரம்கூட இல்லை. பொறுமையிழந்து நடு முக்கோணத்தில் கத்தரியை வைத்துவிட்டேன்.

"ஏட்டி, நல்ல துணியை ஏன் நாசமாக்குத?" என்று அம்மா கத்தினாள்.

"விடுங்க சித்தி, கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்யும்" என்ற அக்கா, என்னிடம் திரும்பினாள். "கத்தரி வைக்கலாம்ட்டி. ஆனா எங்க வச்சோம்னு எழுதிரணும். இல்லேன்னா நாம வெட்டுனதையே ஓட்டைன்னு எண்ணிருவோம்."

பெரிய உருவங்களில் எங்கே தொடங்கினால் கத்தரி வைப்பது குறையும்? நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுவதும் இந்தக் கேள்விதான். நான் ஒரு வழி சொன்னேன். அதைக் குறித்துவிட்டு, "பாப்பா சொன்னது தப்பு" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வரி: "ஏன் தப்பு?" அதற்குக் கீழே நாலு பக்கம் போட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நோட்டு உங்களுக்கு. தப்பு என்றதும் மூடி வைக்காமல் அடுத்த வரியை எழுதுகிற அவளுடைய வழக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்த நாலு பக்கத்தையும் படித்துவிட்டேன். பாதிதான் புரிந்தது. ஐந்தாவது பக்கத்தில் என்ன வரும் என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்று நினைத்தேன். பெரியம்மா.

"ஏட்டி, நோட்டு உங்கிட்டதான் இருக்குன்னு தெரியும். எரிக்க மாட்டேன்ட்டி. அவ கையெழுத்தை ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

திறக்கப் போகிறேன். ஒருவேளை நோட்டு உங்களுக்கு வராவிட்டால்