ஹெப்சிக்குச் சுரந்த பால்

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த ஹெப்சிக்கு, இரண்டாவது பிள்ளை விஷயத்தில் ஒரே ஆசைதான். இதற்காவது தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும்.

மூத்தவள் ரேஷ்மா ஆபரேஷனில் பிறந்தவள். பிறந்ததும் காய்ச்சல், ஆன்டிபயாடிக் ஊசி, பிறகு பவுடர் பால். இப்போது முட்டை துளி சேர்ந்தாலும் அலர்ஜி, உதடு வீங்கிவிடும். பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டும்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"தாய்ப்பால் குடுக்காததாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் தாம்பரத்து டாக்டரம்மா. "ஆனா தாய்ப்பால்ல ஒருவகை சர்க்கரை இருக்கு. அது குழந்தைக்கே செரிக்காது. குடல்ல குடியேறுற நல்ல கிருமிங்களுக்குத்தான் சாப்பாடு. எது பகை, எது உறவுன்னு உடம்பைப் பழக்குறதுல அதுங்களுக்கும் பங்கு இருக்கு."

"ஆண்டவரு கிருமிக்கும் சேத்துப் படியளக்கிறாரு பாரேன்" என்று கணவன் பென்னி சிரித்தான்.

மகன் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவனுக்குக் குழாய் வழியே அவள் பால் சில சொட்டு போயிற்று. மூச்சு தாங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பால் சுரந்தா இங்க குடுக்கலாம்மா. மத்த குறைமாசக் குழந்தைங்களுக்கு ஆகும்."

வீட்டில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தது. நாத்தனார் ஜெனி மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். பிள்ளை போன தாய்க்கு மார்பில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள்.

"கட்டிக்க அண்ணி. யாருக்கு வெச்சிக்கினு கீற?"

ஹெப்சி கட்டவிட்டாள். உடம்புச் சூட்டில் பூ வாட வாட வாசம் ஏறியது. சவப்பெட்டியின் மேல் கிடந்த பூவும் இதே வாசம்தான். அவிழ்த்து எறிந்தாள்.

"வண்டிய எடு பென்னி. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"இன்னா அண்ணி, பேஜார் பண்ணிக்கினு. புள்ளயப் பறிகுடுத்த எடத்துக்கேவா?"

"அவனுக்குன்னு வந்ததுடி. சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

ஜெனி கீழே கிடந்த பூவைப் பொறுக்கினாள்.

ஹெப்சி நாள் தவறாமல் போய்ப் பீய்ச்சிக் கொடுத்தாள். யாருக்குப் போகிறது என்று அங்கே சொல்லமாட்டார்கள், அவளும் கேட்கவில்லை. ஏதோ ஒரு பிள்ளையின் குடலில் அந்தக் கிருமிகள் இந்நேரம் பசியாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு பால் தானாகவே குறைந்தது. ஒருநாள் எவ்வளவு பீய்ச்சியும் ஒன்றும் வரவில்லை.

"போதும்மா. நிறைய குடுத்துட்டீங்க" என்றார் சிஸ்டர்.

அடக்கத்தன்றுகூட அழாதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டுமா சிஸ்டர்?"

சிஸ்டர் வெளியே போய்க் கதவை மெல்லச் சாத்தினார்.