கேட்காத பாட்டுக்குக் கருத்துச் சொன்னவர்கள்

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். என் வேலையில் குரைக்கிறவர்கள் வேறு ஆட்கள், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வாலாட்டுவது மட்டும் நான்.

திருக்கோகர்ணத்தில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடர்களைத் தமிழில் பேசவைத்து இணையத்தில் விடுகிற சென்னைக் கம்பெனிக்கு நாங்கள் கைவேலைக்காரர்கள். ரசிகர்கள் எழுதும் கமெண்டுகளைப் படித்து, கெட்ட வார்த்தையைக் களைந்து, மிச்சத்துக்குப் பதில் போடுவது என் பாடு. ஜப்பான் மொழியிலேயே விட்டுவிடும் பாட்டுகளுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுவது ஸ்டெல்லா. ஆவூர்ப் பெண். காதில் ஹெட்போனை மாட்டினால் டீ ஆறி ஆடை கட்டுகிறவரை கழற்ற மாட்டாள். இடையில் கூப்பிட்டால் கடிப்பாள். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேனேஜர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

ஒரு தொடருக்கு இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தின் தொடக்கப் பாட்டைப் பாடிய ராக் பேண்டு போய், வேறொரு ராக் இசைக்குழு வந்திருந்தது. அன்று பிடித்தது சனி. முதல் மாதக் கமெண்டுகளைப் பார்த்துவிட்டுத் தமிழ் வரிகள் தேவையா என்று முடிவு செய்வதாகச் சென்னை சொல்லிவிட்டது. வேண்டாம் என்றால் ஸ்டெல்லாவுக்கு வேலை இல்லை. குவைத்தில் இருக்கும் அக்கா, கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு, “கெளம்பி வா” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவுக்குப் போக மனசில்லை. அவளுக்குப் பிடித்த வேலை உலகத்தில் இது ஒன்றுதான்.

பொது ஜனத்துக்குப் பதில் சொல்லும் எந்த வேலையில் இருந்தாலும் சரி, இனி வருவதைப் படித்தால் உங்களுக்கும் வயிறு எரியும்.

இலை போடுமுன்னே

புதுப் பாட்டு மாலை ஆறு மணிக்கு வெளியாகும் என்று அறிவித்திருந்தோம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ‘படு மட்டம்’, ‘காது வலிக்குது’, ‘சாவடிச்சுட்டாங்க’ என்று கமெண்டுகள் குவிந்து கிடக்கின்றன. இலை போடுவதற்கு முன்பே சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்து போகிற சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு வேகம் காட்ட மாட்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் பொறுக்க முடியாமல் எழுதினேன்: ‘பாட்டு இன்னும் வெளியாகவில்லையே, எதைக் கேட்டீர்கள்?’ உடனே பதில் வந்தது: “பேண்டு மாறிருச்சுல்ல சார்? இதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?”

ஒரு பை நிலக்கடலை

அடுத்த வாரம் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி மாடியேறி வந்தார். பின்னால் அவருடைய மகன், கல்லூரியில் படிக்கிறவன், காதில் இயர்போனோடு கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மாப்பிள்ளை மாதிரி நின்றான். புதுப் பாட்டு வந்த நாளிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். போர்டில் இருந்த பெயரைக் காட்டி, “இவங்கதான் மாத்துனது” என்று அவன்தான் அழைத்து வந்திருக்கிறான்.

ஜப்பானில் எவனோ எடுத்த முடிவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மஞ்சள் பை நிறைய நிலக்கடலையை என் மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நம்ம காட்டுக் கடலைதான், வச்சுக்கங்க. அந்தப் பழைய ஆளுகளையே பாடச் சொல்லி ஒரு போனப் போட்டு விட்ருங்க சார்.”

விற்பன்னர்

திருவரங்குளத்துக்காரர் ஒருவர் துபாயில் இருக்கிறார். அவர் கமெண்டு எழுதுவதில்லை, தீர்ப்பு எழுதுவார். ‘முதல் பாகத்து கிடாரில் ஆன்மா இருந்தது. இதில் டிரம்ஸ் அவசரப்படுகிறது. பாடகர் மூச்சு வாங்குகிறார். பாடலுக்கு நிதானமே இல்லை’ என்று தினமும் ஒரு தீர்ப்பு. அதற்குக் கீழே, ‘அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று ஆமாம் போட ஒரு கூட்டம்.

ஸ்டெல்லா கொதித்துப்போனாள். “எங்கண்ணே அவசரப்படுது? ஒரு தடவ அந்த ஆளுக்குப் போனப் போடுங்க” என்று பிடுங்கி எடுத்தாள். அவரே எண்ணைக் கொடுத்திருந்ததால் கூப்பிட்டேன். எப்படிக் கேட்கிறீர்கள், எதில் கேட்கிறீர்கள் என்று விசாரித்ததில் சங்கதி வெளியே வந்தது. மனிதர் படம், பாட்டு, செய்தி எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாராம். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்களேன் என்றேன். “நல்லாச் சொன்னீங்க போங்க! நிதானமாக் கேக்க எனக்கெல்லாம் எங்கிட்டு சார் நேரம் இருக்கு?”

இரு தரப்பும் ஒரு தரப்பே

பழைய பேண்டு கட்சி, புது பேண்டு கட்சி என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் குலத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். களையெடுத்தே என் விரல் தேய்ந்தது. ஒருநாள் பார்த்தால் இரண்டு தலைவர்களும் ஒரே எழுத்துப்பிழையைச் செய்கிறார்கள். பிடித்து விசாரித்தால் இரண்டும் ஒரே ஆசாமி, ஊரில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. “ரெண்டு பக்கமும் ஆள் இல்லாட்டி சண்ட எப்புடிங்க நடக்கும்?”

மேனேஜரின் கைவண்ணம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். முதலில் வரியில்லாமல் விட்ட பாட்டைத் தமிழ் வரிகளோடு மறுபடி தயாரிக்கும்போது பழைய பாகத்து வீடியோவை நகல் எடுத்து, அதன் மேலேயே புதுப் படம், புது வரி, புது ஓசை என்று ஒவ்வொன்றாக ஏற்றுவோம். நேரம் மிச்சம். ஆவூர்க் கோயில் திருவிழாவுக்கு ஸ்டெல்லா லீவு போட்டிருந்த அன்று மேனேஜரே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். படத்தை ஏற்றினார், அவள் எழுதிவைத்த வரிகளை ஏற்றினார், ஓசையை மறந்தார். அப்படியே வெளியிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டெல்லா வந்து ஹெட்போனை மாட்டியவள், “அண்ணே!” என்று போட்ட கூச்சலில் கீழே கடைக்காரர் வெளியே வந்து மாடியைப் பார்த்தார். புதுப் பாகத்தின் படத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது பழைய பேண்டின் பழைய பாட்டு! ஆன்மா இருந்தது, புல்லரித்தது, தூக்கத்தில்கூடப் பாடுவேன் என்று இவர்கள் சத்தியம் செய்த அதே பாட்டு. அதற்குக் கீழே இரவெல்லாம் வசவு. ‘பழைய பேண்டின் கால்தூசிக்கு வருமா?’ என்று ஒருவர். ‘எத்தனை தடவை கேட்டாலும் மனசில் நிற்கவில்லை’ என்று இன்னொருவர். அத்தனை பேரில் ஒரே ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வேலை பிழைத்தது என்று ஸ்டெல்லா குவைத் அக்காவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இந்த லட்சணத்தில் இருக்கும் கமெண்டுகளை நம்பி யாராவது ஒரு முடிவு எடுப்பார்களா?

எடுப்பார்கள். முடிவு எடுக்கும் சென்னைக் கம்பெனி மேடத்துக்கு நான்தான் போன் செய்து, நடந்த தவறையும் சொல்லி, இவர்கள் பாட்டைக் கேட்பதே இல்லை என்று ஆதாரத்தோடு விளக்கினேன். மேடம் ‘ம்’ கொட்டினார். குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கடைசியில் நிதானமாகச் சொன்னார்: “அப்போ பழைய பாட்டும் ஆடியன்ஸுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது. ரெண்டு பாகத்துக்குமே தமிழ் வரி வேண்டாம் சார், எடுத்துடுங்க.”

கடைசி நாள்

முதலில் ஓசையைச் சரிசெய்தோம், பிறகு வரிகளை எடுத்தோம். எடுத்த அன்றே, அதுவரை அந்த வரிகளைப் பற்றி மூச்சுவிடாத கூட்டம் ‘தமிழ் வரி எங்கே, அதுக்காகத்தானே வர்றோம்’ என்று கொதித்தெழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி மாடியிலிருந்து எறிந்திருப்பேன். அந்தக் கமெண்டுகளை எல்லாம் சென்னைக்கு அனுப்பினேன். முதல் மாதம் முடிந்துவிட்டதாம், கணக்கில் வராதாம்.

ஸ்டெல்லா மேசையைத் துடைத்தாள், ஹெட்போனைச் சுருட்டி என்னிடம் ஒப்படைத்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் தன் சொந்தப் போனை எடுத்து, புதுப் பாட்டுக்குக் கீழே தன் சொந்தப் பேரில் முதன்முதலாக ஒரு கமெண்டு எழுதினாள்: ‘பாட்டு நல்லா இருக்கு. ரெண்டாவது சரணத்துல கிடார் நின்னு போற இடத்தக் கேட்டுப் பாருங்க.’ ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் தமிழ் தேடி, வாரக்கணக்கில் அந்தப் பாட்டோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பையைத் தோளில் மாட்டிப் படியிறங்குமுன் போன் டிங் என்றது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். துபாயிலிருந்து, அந்த ஒன்றரை மடங்கு விற்பன்னர்: “மொதல்ல பாட்ட நிதானமா, முழுசாக் கேட்டுட்டு வந்து பேசுங்க சிஸ்டர்.”

பாட்டைக் கேட்டவள் குவைத்தில் பில் போடுகிறாள், கேட்காதவர்கள் மூன்றாம் பாகம் மட்டம் என்று இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள், நான் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.