பீப்பாயில் இருக்கும்போதே வாங்கியவர்கள்

கடையில் இல்லாத சரக்கை, இன்னும் பாட்டிலில்கூட அடைக்காத சரக்கை, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு விற்பதுதான் எங்கள் தொழில். ரியல் எஸ்டேட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒயின்.

பிரான்ஸில் போர்தோ என்று ஒரு வட்டாரம். அங்கே திராட்சை பறித்த அடுத்த வசந்தத்திலேயே, சிவப்பு ஒயின் பீப்பாயில் கிடக்கும்போதே, விலை சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கடைக்காரர் நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுப்பார். இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துப் பன்னிரண்டு பாட்டில் ஒரு மரப்பெட்டியில் வந்து சேரும். வந்த பிறகும் பத்து வருஷம் தொடக்கூடாது. இத்தனை பாடு எதற்கு என்றால், இப்போதே வாங்கினால் மலிவாம்.

எண்பதுகளில் நியூ ஜெர்சியில் நான் விற்றது இந்த ரசீதைத்தான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கும், விசா ஃபைல் முதலாளியின் டிராயரில் கிடக்க அவரிடமே வேலை பார்த்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை என்று தெரியும், அவ்வளவுதான்.

பிரெஞ்சு படித்த பலன்

நான் பாண்டிச்சேரிக்காரன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்து, அங்கேயே பிரெஞ்சு வாத்தியாராகவும் இருந்தவன். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பாரிஸ் போய்விட்டார்கள். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது எந்தக் குடியுரிமை என்று முடிவு செய்ய என் அப்பாவுக்கும் ஆறு மாதம் அவகாசம் இருந்தது. யோசிக்கலாம் என்று சொல்லி ஆறு மாதத்தையும் யோசித்தே தீர்த்துவிட்டார். அதனால் நான் மேல்படிப்பு என்ற பெயரில் அமெரிக்கா வர வேண்டியதாயிற்று. வரும்போது என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதம். மகள் ரீட்டா பிறந்தது எண்பத்திரண்டில். அவளை நான் போட்டோவில்தான் பார்த்தேன்.

படிப்பு முடிந்ததும் இந்தியன் சொல்லிக்கொடுக்கும் பிரெஞ்சு எந்தப் பள்ளிக்கும் வேண்டியிருக்கவில்லை. ஃப்ராங்குக்கு வேண்டியிருந்தது. ஐசலின் என்ற ஊருக்குப் பக்கத்தில் பெரிய மதுக்கடை வைத்திருந்தார். மூன்றாம் தலைமுறை இத்தாலியர், குடிப்பது பீர் மட்டும். போர்தோ ஏற்றுமதிக்காரர்களுக்குக் கடிதம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். சம்பளம் குறைவுதான், ஆனால் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்ணுகிறேன் என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு சம்பளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கைகுலுக்கும்போது சொன்னார்:

“நீதான் இனிமே என் ஃப்ரெஞ்சுக்காரன், ஜோ. தரை துடைக்கத் தெரியும்தானே?”

எழுந்து நின்று படித்த கடிதம்

என் பிரெஞ்சு, வயதான பாதிரியார்கள் சொல்லிக்கொடுத்தது. கடிதத்தை முடிக்கும்போது, ‘ஐயா, என் மிக உயர்ந்த மரியாதையின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு தங்களை மன்றாடுகிறேன்’ என்று நாலு வரிக்கு வணக்கம் வைப்போம். பத்துப் பெட்டி ஒயினுக்கு ஆர்டர் அனுப்பிய கடிதத்தையும் அப்படித்தான் முடித்தேன். அதை எழுத எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

இரண்டு வாரம் கழித்து போர்தோவிலிருந்து ஒரு குமாஸ்தா போன் செய்தார். ஆர்டரைப் பதிவு செய்துகொண்டார். கப்பல், இன்ஷூரன்ஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, பிரெஞ்சில் சொன்னார்:

“உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லோரும் எழுந்து நின்று படித்தோம் ஐயா. எங்கள் தாத்தா செத்த பிறகு இப்படி யாரும் எழுதவில்லை.”

வாளி

எண்பத்து மூன்று வசந்தத்தில், பீப்பாயிலிருந்து எடுத்த சாம்பிள் நாலைந்தை ஒரு ஏஜென்ட் கொண்டுவந்தார். கடைக்குப் பின்பக்கம் வாடிக்கையாளர்கள் இருபது பேர் கூடினார்கள். ஒரு வாய் ஊற்றி, கொப்பளித்து, நடுவில் வைத்த வாளியில் துப்ப வேண்டும். நானும் ஒரு வாய் வைத்தேன். அசல் கடுக்காய். நாக்கு, ஈறு, கன்னம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் கண்ணை மூடிக்கொண்டு வயலட் பூ என்றார்கள், பென்சில் சீவல் என்றார்கள், சுருட்டுப் பெட்டி என்றார்கள். நான் அதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாளிலிருந்து எல்லோரிடமும் ஒப்பித்தேன். கடுக்காய் என்றால் யார் வாங்குவார்கள்?

அன்று வந்தவர்களில் சேஷாத்ரி ஒருவர். மான்மவுத் ஜங்ஷனில் வீடு, எஞ்சினியர், சுத்த சைவம். ஆபீஸ் மானேஜர் கூப்பிட்டார் என்று தட்ட முடியாமல் வந்திருந்தார். அவர் மட்டும் ஒரு முறைகூடத் துப்பவில்லை. அத்தனையையும் விழுங்கிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது கிளாஸுக்குள் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. நான் போய்க் காதோடு, சார், துப்பலாம் என்றேன். வாளியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“அத்தனை பேர் எச்சலும் அதுல கிடக்கு சார், அதுக்கு முழுங்கறதே தேவலை. மானேஜர் பாத்துண்டே இருக்கார், எனக்கும் ஒரு பெட்டி எழுதிக்கோங்கோ.”

நகைக்குப் பதில்

டாக்டர் அந்தோணிசாமி திருச்சிக்காரர். மயக்க மருந்து டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பழக்கம். நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்து, அவர் மனைவி லூர்து அக்கா மாதம் ஒரு முறையாவது சோறு போட்டு அனுப்புவார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மேலே இருந்த சீஃப் சாப்பாட்டு வேளையெல்லாம் ஒயின் பற்றியே பேசுவாராம். இவருக்கு வாய் திறக்க ஒன்றும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கடைக்கு வந்தார்.

பேச்சுவாக்கில் அவர் மகளும் எண்பத்திரண்டில் பிறந்தவள் என்று தெரிந்தது. விற்பனைக்காரன் புத்தி உடனே வேலை செய்தது. பிறந்த வருஷத்து ஒயினை வாங்கி வைத்துக் கல்யாணத்தில் திறப்பது இங்கே பெரிய மனிதர்கள் வழக்கம் டாக்டர், அதிலும் எண்பத்திரண்டு மாதிரி வருஷம் அபூர்வம் என்றேன். என் மகளும் அதே வருஷம்தான் என்றும் சொன்னேன். அதுதான் அவரைப் பிடித்தது. நம்ம ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேர்த்து ஒரு பெட்டி என்று சொல்லிச் செக் எழுதினார். உன் மகளுக்கும் அதில் ஒரு பாட்டில் உண்டு என்றார். ரசீதை நகையோடு பேங்க் லாக்கரில் வைத்தார். வீட்டில் நான் வயலட் பூ, பென்சில் சீவல் எல்லாம் விளக்கிச் சொல்ல, லூர்து அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நெக்லஸ் வாங்குனாலும் புள்ள கழுத்துல போட்டுப் பாக்கலாம். இத எங்கங்க போட்டுப் பாக்கறது?”

கப்பலில் இருக்கிறது

அதற்குப் பிறகு காத்திருப்பு. சேஷாத்ரி வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். இன்னும் பாட்டிலில் அடைக்கவில்லை, அடைத்தாகிவிட்டது, லேபிள் ஒட்டுகிறார்கள் என்று நானும் வாரத்துக்கு ஒன்று சொல்வேன். சொல்ல ஒன்றும் இல்லாத வாரங்களில் என்ன சொல்ல வேண்டும் என்று ஃப்ராங்க் கற்றுக்கொடுத்திருந்தார்: கப்பலில் இருக்கிறது.

என் காத்திருப்பு வேறு. மெட்ராஸ் கான்சுலேட்டில் ஸ்டெல்லாவுக்கு இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். புருஷனோடு சேர்ந்துகொண்டால் திரும்பி வரமாட்டாளாம். கிரீன் கார்டு வந்தால்தான் வழி. ரீட்டா பேச ஆரம்பித்தது, விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது, என் போட்டோவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் படுப்பது எல்லாம் எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுநாள் ஃப்ராங்கிடம் போய் நிற்பேன். வக்கீல் கேட்ட தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்பேன். டிராயரைக் காட்டி, நாளைக்கு என்பார். இரண்டாம் வருஷம் முடியும்போது நாளைக்கு என்பதையும் விட்டுவிட்டார். கேட்டதும் சிரித்தார். பக்கத்தில் நின்ற காஷியர் பெண்ணும் சிரித்தாள்.

“கப்பல்ல இருக்கு, ஜோ.”

டிராயர்

சரக்கு வந்தது. பெட்டிகளை நானேதான் இறக்கி அடுக்கினேன். மரத்தில் சூட்டுக்கோலால் பேர் பொறித்து, அவ்வளவு அழகாக இருந்தன. ஒரு பெட்டியில் டாக்டர் பேரைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் எண்பத்திரண்டின் புகழ் ஊரெல்லாம் பரவி, விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஃப்ராங்க் என்னைக் கூப்பிட்டார். ரசீது வைத்திருப்பவர்களில் சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பிரான்ஸிலிருந்து குறைவாகத்தான் அனுப்பினார்கள் என்று சொல்லிவிடு, அந்தப் பெட்டிகளைப் புது விலைக்கு விற்போம் என்றார். யாருக்கு என்று அவரே பட்டியல் போட்டிருந்தார். வக்கீல்கள் அதில் இல்லை, நீதிபதி இல்லை, இத்தாலியர்கள் ஒருவர்கூட இல்லை. பாதிக்கு மேல் நான் கூட்டிவந்தவர்கள். இந்தியர்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனும் ஒருவேளை நானாகத்தான் இருக்கும்.

இது சரியில்லை ஃப்ராங்க் என்றேன். அவர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ரசீது நகலெல்லாம் மேல் டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோ. உன் ஃபைலும் அதுலதான் இருக்கு, பாத்து எடு.”

போன் பேசிய பிற்பகல்

ஒரே பிற்பகலில் எல்லோருக்கும் போன் செய்து முடித்தேன். ஒரே பொய்யைப் பத்துப் பதினைந்து தடவை சொன்னால் கடைசியில் உண்மை மாதிரியே வருகிறது. குறைவாக அனுப்பிவிட்டார்கள், பிரெஞ்சுக்காரர்களே இப்படித்தான் என்று கடைசி இரண்டு பேரிடம் நானாகவே சேர்த்துக்கொண்டேன். என் கடிதத்தை எழுந்து நின்று படித்தவர்களைத்தான் அப்படிச் சொன்னேன். சேஷாத்ரி அவர் பங்குக்குக் கத்தித் தீர்த்தார். கத்தினவர்களால் எனக்குக் கஷ்டமில்லை.

டாக்டருக்குக் கடைசியாகச் செய்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெட்டி வரவே இல்லையா? அவர் பேர் ஒட்டிய பெட்டி நான் நின்ற இடத்திலிருந்து நாலடியில் இருந்தது. வரவில்லை டாக்டர் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

“சரி தம்பி. நீ சொன்னா சரிதான்.”

கென்னடி ஏர்போர்ட்

அந்த வாரமே ஃப்ராங்க் கையெழுத்துப் போட்டு ஃபைலை வக்கீலுக்கு அனுப்பினார். நானே தபாலில் சேர்த்தேன். எண்பத்தாறு முடிவதற்குள் கார்டு வந்தது. அடுத்த கோடையில் ஸ்டெல்லாவும் ரீட்டாவும் வந்து இறங்கினார்கள். என் கார் ஓட்டை, இரண்டு சூட்கேஸ் தாங்காது. பூசையில் விஷயம் கேள்விப்பட்ட டாக்டர், தன் ஸ்டேஷன் வேகன் காரைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். ரீட்டா ஸ்டெல்லாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். போட்டோல மீசை இருந்துச்சே என்றாள். ஐந்து வயது. நான் தூக்கப் போனபோது டாக்டரிடம் ஓடிவிட்டாள்.

திரும்பும்போது பின்சீட்டில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். டாக்டர் ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். போன மாசம் சீஃப் வீட்டு பார்ட்டிக்குப் போனாராம். சீஃப் தன் பேஸ்மென்டைச் சுற்றிக் காட்டினாராம். அங்கே எண்பத்திரண்டாம் வருஷத்துப் பெட்டி ஒன்று, எங்கள் கடை ஸ்டிக்கரோடு. சீஃப் அதை இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னாராம். மரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்திருந்தார்களாம், ஆனால் சரியாகக் கிழிக்கவில்லை. ‘அந்தோ’ என்ற மூன்று எழுத்து மிச்சம் இருந்ததாம். தமிழில். அது என் கையெழுத்து.

என் ஃபைல் ஃப்ராங்க்கிட்ட இருந்துச்சு டாக்டர் என்றேன். டோலுக்குச் சில்லறை நீட்டினேன். வாங்கவில்லை, அவரே போட்டார். கண்ணாடியில் ரீட்டாவை ஒரு தடவை பார்த்தார்.

“தெரியும். எனக்கும் ஒரு ஸ்பான்சர் இருந்தான். எம் பொண்ணுக்கு வாங்குனது வரல, ஒம் பொண்ணு வந்துட்டா. அது போவட்டும். ஆனா இனிமே எனக்கு எதையும் விக்காத, தம்பி.”

பீப்பாயில் இருக்கும்போதே வாங்கிவிட்டால் மலிவு என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேனே, என்னையும் ஃப்ராங்க் அந்த விலைக்குத்தான் வாங்கிப் போட்டிருந்தார் என்பது, நல்ல விலைக்கு நான் டாக்டரை விற்று முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.