ஜெப நோட்டுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லப்போய் வக்கீல் நோட்டீஸ் வாங்கியவள் இந்தத் தஞ்சாவூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தக் கவரைப் பிரித்த அன்று நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

என் பெயர் எஸ்தர். பிறந்த ஊர் தரங்கம்பாடி. கல்யாணமாகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஜாய். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

வீட்டுக்கு ஒருவர் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். டிக்கெட் போடுவது, விசா ஸ்டாம்பிங்குக்கு அனுப்புவது, விண்ணப்பப் பாரம் நிரப்புவது எல்லாம் நான்தான். முதலாளி ஜெயசீலன் சார் எங்கள் சபைக்காரர். கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் டிக்கெட்டோடு போய்விட மாட்டார்கள். போன தடவை முதுகு பிடித்துக்கொண்டது, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் ஆகாதது, பிறந்த பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்காதது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். "பிளேன் ஏறுறப்ப எனக்காக வேண்டிக்கங்கக்கா" என்பார்கள். அய்யம்பேட்டை முஸ்லிம் பையன்களும் கேட்பார்கள், திருவையாற்றுப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதனால் ஒரு நீளநோட்டு போட்டேன். பெயர், ஊர், கிளம்பும் நாள், அவருக்கு என்ன குறை. போய்ச் சேர்ந்த தகவல் வந்ததா என்று விசாரிக்க வீட்டு போன் நம்பர். தினமும் சாயங்காலம் அதை வைத்து ஜெபிப்பேன்.

நடுவில் ஒரு வருடம், எங்களோடு வேலை பார்த்த ஒருவர் விலகி எதிர்த்த வரிசையிலேயே கடை போட்டார். பாதி வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்கள். சார் ஆடிப்போய்விட்டார். அடுத்த மாதமே ஆளுக்கொரு ஒப்பந்தப் பேப்பர் ஆங்கிலத்தில் வந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற மாதிரி எல்லோரும் வரிசையாக நின்று போட்டோம். என் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வேறு ஒரு வரி படிக்கவில்லை.

ஜாய்க்கு நான்கு வயதானபோது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தோம். டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அம்மா தினமும் மதியம் பிள்ளையோட கிளாஸ்ல உக்காரணும். இங்க பாக்குறத வீட்ல நீங்கதான் திரும்பத் திரும்பச் சொல்லித் தரணும். இல்லன்னா பேச்சு வர்றது கஷ்டம்."

சாரிடம் அரை நாள் வேலை கேட்டேன். "மதியந்தாம்மா கூட்டமே வரும், எப்படி முடியும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வேலையை விட்டேன். கீழவாசலில் புதிதாக டிராவல்ஸ் திறந்திருந்த நாகூர்க்காரர் ஹமீது பாய், "காலைல வந்துட்டு ஒரு மணிக்குக் கெளம்பிடுங்க தங்கச்சி" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, உடனே சேர்ந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் சபைப் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றேன். ஒன்பது வருட நோட்டைப் பற்றியும், இப்போதும் அதை வைத்தே ஜெபிப்பதைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், மறைப்பானேன். முன் வரிசையில் இருந்த ரோஸ்லின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சாருடைய மனைவி. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மனநிறைவோடு சாரிடம் சொல்லியிருக்கிறார். சார் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். தன் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் ஹமீது பாய் கடைக்குப் போயிருக்கிறது!

பத்தே நாளில் நோட்டீஸ் வந்தது. அன்று நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பேப்பரின்படி, வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இதே தொழிலில் இருக்கக் கூடாது. கம்பெனி வாடிக்கையாளர் யாரையும் கூப்பிடக் கூடாது. எடுத்துப்போன பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். ஹமீது பாய்க்கும் ஒரு நகல் போயிருந்தது. "இது முடியிற வரைக்கும் வீட்ல இருங்க தங்கச்சி. எடத்த உங்களுக்காக வச்சிருக்கேன். ஆனா ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். திருச்சியில் வேலை தர ஆள் இருந்தார்கள், ஆனால் அங்கே போனால் ஜாயின் வகுப்பு போச்சு. என் பிள்ளை வாய் திறக்காமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கோர்ட்டு ரோட்டில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். பேப்பரைப் படித்துவிட்டுச் சொன்னார். "வேலைய விட்டப்புறம் வேற எடத்துல வேல பாக்கக் கூடாதுங்கிறதெல்லாம் கோர்ட்ல நிக்காதும்மா. பயப்படாதீங்க. ஆனா அவங்க கஸ்டமர் லிஸ்ட வச்சுக்கிட்டு நீங்க கூப்பிட்டிருந்தா அது வேற கதை. கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றேன்.

பொய். மூன்று வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். லீவில் வந்த பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்களா என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று வீட்டிலும் கடைசியில், "திரும்பிப் போக டிக்கெட் போட்டாச்சா? நான் இப்ப கீழவாசல்ல இருக்கேன்" என்று சொல்லித்தான் போனை வைத்தேன். அதில் இரண்டு பேர் வந்து டிக்கெட்டும் எடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் சுலபமாக வழி சொன்னார். "அடுப்புல போடு. நோட்டே இல்லன்னா கேசே இல்ல." அடுப்புவரை கொண்டுபோனேன். கை வரவில்லை. அத்தனை பெயரையும் எப்படி நெருப்பில் போடுவது?

ஒரு வாரம் உபவாசமிருந்து ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, சாரோட வாயக் கட்டும், அவருக்குப் புத்தி கொடும்." சாரைத் திருத்தச் சொல்லி ஒரு வாரம்! ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் காலை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது மனசு விட்டுப்போய், "நான் என்னதான் செய்யணும், சொல்லும்" என்று மட்டும் கேட்டேன். ஆண்டவர் சத்தமாகப் பேசினார் என்று சொல்ல எனக்குப் பயம். ஆனால் அந்த மூன்று போன் மட்டும்தான் மனதில் வந்து நின்றது. வேறு எதுவும் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜாயைக் கூட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"மூணு வீட்டுக்கு நான் போன் பண்ணேன் சார். ஜெபத்துக்குன்னு வாங்குன நம்பர வியாபாரத்துக்கு எடுத்தேன். தப்புதான்."

சார் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னம்மா இது, ஊரு பூரா நடக்குற மாமியார் மருமக சண்டை இதுலதான் இருக்கு! இத வச்சு நான் என்ன வியாபாரம் பண்றது?" என்றார். ரோஸ்லின் அக்கா உள்ளேயிருந்து சிரித்தார். சார் சிரிக்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"என் பேரு எங்க எஸ்தரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருடம். அதே ஆபீஸ், அதே சபை. முந்நூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை ஒருநாள்கூட எழுதியதில்லை.

"இல்லீங்க சார்" என்றேன்.

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபக்கார மனுஷன் அன்றைக்குக் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நானே கேட்டேன். "இப்ப எழுதுறேன் சார். என்னன்னு எழுதட்டும்?"

சார் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால்ல புண்ணும்மா. சக்கர வியாதி. ஆறு மாசமா ஆற மாட்டேங்குது. வெரல எடுக்கணும்ங்கிறாங்க. ஒங்க அக்காகிட்டகூட இன்னும் சொல்லல." உள்ளே சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. ரோஸ்லின் அக்கா வாசற்படியில் வந்து நின்றார்.

கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். அங்கேயே நானும் ரோஸ்லின் அக்காவும் ஜாயும் முழங்கால் போட்டோம், சார் மட்டும் நாற்காலியிலேயே தலை குனிந்திருந்தார். நான் நாலு வரிதான் ஜெபித்தேன்.

கிளம்பும்போது சார் சொன்னார். "நோட்டு எங்கிட்ட இருக்கட்டும். இதுல இருக்குறவங்கள ஒரு வருஷத்துக்கு நீயா கூப்பிடாத. தானா தேடி வந்தா அது அவங்க இஷ்டம். நீ அங்கயே வேல பாரு." மறுநாளே அதைக் கடிதமாக எழுதி வக்கீல் மூலம் ஹமீது பாய்க்கும் அனுப்பிவிட்டார். அந்த ஒரு வருடம் நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. தேடி வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் பழைய கடையிலேயே இருந்தார்கள். இரண்டு கடையும் நடந்தது. சாருக்கு ஒரு விரலைத்தான் எடுத்தார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது சபைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தே வருகிறார், ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, எதிராளியை மாற்றும் என்று நான் கேட்டேன். ஆண்டவர் முதலில் என்னை மாற்றினார், பிறகுதான் கதவைத் திறந்தார். உங்களுக்கு விரோதமாக எழுந்திருக்கிறவர் யாராக இருந்தாலும், பயப்படாமல் அவர் பெயரையும் சேர்த்தே கர்த்தரிடம் கொண்டுபோங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் கைவிட மாட்டார்.

இப்போது நோட்டு இல்லாமல், ஞாபகத்தில் இருக்கிற பெயர்களைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஜாயை என்னைப் பார்த்தபடி மடியில் உட்காரவைத்து, அவள் விரல்களை என் தொண்டையில் வைத்துக்கொள்வேன். அவள் என் உதட்டையே பார்ப்பாள். "அம்மா" வரவேண்டும் என்று வகுப்பில் மாதக்கணக்காகப் பாடுபட்டோம், வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் நான் "ஆமென்" என்று ஜெபத்தை முடித்து வாயை மூடினேன். அவள் கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வீடே கேட்கும்படி, "ஆமே" என்றாள். அம்மா என்று கூப்பிட இன்னும் நான்கு மாதம் ஆனது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.