வெறும் டிஸ்க்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த முதல் ஆள் நான். அதனால் ஆறாம் வகுப்பிலேயே எனக்குப் பெரிய அதிகாரம் வந்துவிட்டது. மருந்துச் சீட்டு, கேஸ் சிலிண்டர் புத்தகம், வளைகுடாவிலிருந்து வரும் பார்சலில் ஒட்டிய தாள் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். தெரியாத வார்த்தை வந்தாலும் விடமாட்டேன், ஏதாவது சொல்லிவைப்பேன்.

அந்த வருஷம் பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்த சித்தப்பா கடலில் விழுந்து இறந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அவருடைய அறையில் தங்கியிருந்தவர் ஊருக்கு வந்தபோது சித்தப்பாவின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, ஒரு சிடி. சிடியின் மேல் சித்தப்பாவின் கோணல் எழுத்தில் சித்தியின் பெயர் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று வந்தவருக்கும் தெரியவில்லை.

சித்தி அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். மாமா யாரிடமோ வாங்கிக்கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று எங்களிடம் இருந்தது. நாகர்கோவில் கடைக்காரர் அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தார். கோளாறு ஏதும் வந்தால் கறுப்புத் திரையைத் திறந்து மெஷின் என்ன சொல்கிறது என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சிடியை வைத்துத் தட்டை மூடினேன். சுழன்றது, விக்கியது, நின்றது. சின்னப் பெட்டி ஒன்று வந்து ‘பிளாங்க்’ டிஸ்க் என்றது. கேள்வித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பியவளுக்கு அந்த வார்த்தை தெரியாதா?

“வெறும் டிஸ்க் சித்தி. ஒண்ணும் பதியல.”

“ஒண்ணுமே இல்லியா மக்கா? செரியா பாரேன்.”

மறுபடி போட்டேன். இந்த முறை பெட்டி வரவில்லை. கறுப்புத் திரையைத் திறந்தால் ‘மீடியம் எரர்’ என்று வரிவரியாக, எண்களோடு ஓடியது. எனக்குத் தெரிந்த மீடியம் பள்ளிக்கூட போர்டில் இருப்பது ஒன்றுதான். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“மெஷினும் அதத்தான் சொல்லுது. காலி.”

“பேர மட்டும் எழுதிவச்சிருக்காரு,” என்று சித்தி எழுந்து போனாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பவும் வந்தாள். “ஏட்டி, இத நாகர்கோவில்ல ஆருக்கிட்டயாவது காட்டுனா என்ன?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்கு வாசிக்கத் தெரியாதுண்ணு நெனச்சியளா?”

“இல்ல மக்கா. நீ சொன்னா செரிதான்.”

பல வருஷம் கழித்து, கல்லூரி விடுதியில் தோழி ஒருத்தியின் பழைய கம்ப்யூட்டரில் வேறொரு சிடியைப் போட்டபோது அதே வரிகளைத் திரும்பப் பார்த்தேன். இந்த முறை தேடி வாசித்தேன். மீடியம் என்பது அந்த டிஸ்க்தான். பதிந்திருப்பதை வாசிக்கப் போய், வாசிக்க முடியாமல் மெஷின் திணறியிருக்கிறது. லென்ஸ் மங்கிய டிரைவ், நல்ல சிடியையே வெறும் சிடி என்று சொல்லிவிடுமாம். வேறொரு டிரைவில் ஓடியிருக்கக்கூடும். அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சித்தி சிடியைத் தூக்கிப்போட்டிருக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருந்தாள். உப்புக்காற்றில் வெள்ளிப்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து, அவளுடைய பெயரிலும் பாதி போயிருந்தது. கொண்டுபோய் மூன்று டிரைவ்களில் போட்டுப் பார்த்தேன். எதுவும் வாசிக்கவில்லை. திரும்பி வந்து சித்தியிடம் சொன்னேன்.

“சித்தி, அண்ணைக்கு நான் தப்பா வாசிச்சுட்டேன். இதுல என்னமோ இருந்திருக்கு.”

அவள் என்னைத் திட்டவில்லை. சிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அப்பம், எனக்கு என்னமோ சொல்லியிருக்காரு?”

“ஆமா சித்தி.”

திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் ஆமா என்றேன்.

பதினோரு வயதில் நான் காலி என்று சொன்னது ஒரு சிடியைப் பற்றி. தன்னிடம் சொல்ல சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது என்றுதான் அது சித்தியின் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு அன்று தெரியாது.